எங்கள் வீட்டுத் தரை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

"மலருக்கு என்ன எழுதப் போகிறாய்?" என்று வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். "வீட்டு அலங்காரம்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "வேதியியல் படிக்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு? விண்வெளியைப் பற்றி எழுது, பெண் கல்வியைப் பற்றி எழுது, பேராசிரியர்கள் பாராட்டுவார்கள்" என்று அறிவுரையும் வழங்கினாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டை அழகுபடுத்துவதைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் வீடு என்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும். எங்களுக்கு அது வந்து சேர்ந்ததே 2022-இல்தான். ஆயினும் இந்தப் பொருளை விட்டு வேறொன்றை எழுத எனக்கு மனம் வரவில்லை. வீட்டை அழகாக்குகிறேன் என்று புறப்பட்டு நான் செய்த ஒரு காரியம் நெடுநாளாக நெஞ்சில் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தோழியர் ஐவரும் இம்மலரைப் படிப்பார்கள். அவர்களுக்காவது உண்மை தெரியட்டும்.

எங்கள் ஊர் செட்டிநாட்டில், ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூர். செட்டிநாடு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன யாவை என்பதை நான் அறிவேன். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும் மாளிகைகள், பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், முட்டையின் வெண்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசித் தேய்த்துக் கண்ணாடி போல் மின்னும் சுவர்கள். 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில்கூடச் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றுள்ளன. அத்தகைய வீடுகள் எங்கள் ஊரிலும் உண்டு. அவற்றின் திண்ணைகளைப் பார்த்துக்கொண்டே நான் பள்ளிக்குப் போயிருக்கிறேன். நாங்கள் இருந்தது கண்மாய்க் கரையை ஒட்டிய தெருவில், மண் சுவரும் ஓட்டுக் கூரையுமான வீட்டில்.

அந்த வீட்டுக்கு அலங்காரம் எல்லாம் அப்பத்தாதான். செவ்வாயும் வெள்ளியும் தரையைச் சாணமிட்டு மெழுகுவார். காவிக்கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, பழந்துணியை அதில் நனைத்து, சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புக் கரை கட்டுவார். அரிசிமாவைக் கரைத்து நடுவில் கோலம். மாடக்குழியில் விளக்கு. சாயம் ஏற்றிய பனையோலையில் தாமே முடைந்த கொட்டான்கள் இரண்டு, மூங்கில் கழியில் தொங்கும். அவ்வளவுதான். அந்தக் காவி இரும்பு ஆக்சைடு என்பது எனக்குக் கல்லூரிக்கு வந்தபின் தெரிந்தது; அப்பத்தாவுக்கு அது தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனதில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பால்காரர் முதல் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வரை உள்ளே வந்து, அந்தக் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து, தூணில் சாய்ந்து காலை நீட்டிவிடுவார்கள். எழுந்து போக மனமில்லாமல்தான் போவார்கள்.

2021 நவம்பர் மழையில் பின்சுவர் ஊறிச் சரிந்தது. நல்ல வேளையாக யாரும் அந்தப் பக்கம் படுக்கவில்லை. மறு ஆண்டு அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் எங்களுக்குக் காங்கிரீட் வீடு கிடைத்தது. 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. மழைக்கு ஒழுகாத கூரை ஒன்று தலைக்கு மேல் வந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்வதானால், குடி புகுந்த முதல் வாரம் எங்களில் ஒருவருக்கும் அந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சுவரெல்லாம் ஒரே வெள்ளை. சொரசொரப்பான சிமெண்டுத் தரை. எவ்வளவு பெருக்கினாலும் காலில் தூசி ஒட்டும். பேசினால் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. "இது வீடா, பள்ளிக்கூடமா?" என்று கேட்டுவிட்டு அப்பத்தா பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா பழைய கொட்டான்களைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினாள். உடைந்த வளையல்களை விளக்குச் சுடரில் வளைத்து ஒன்றோடொன்று கோத்து நிலைக்குத் தோரணம் கட்டினாள். எல்லாம் சுவர் உயரத்தில் எங்கேயோ தனித்தனியாகத் தொங்கினவே தவிர, வீட்டில் வந்து ஒட்டவில்லை. வந்தவர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

இனி என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் 23 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ஆத்தங்குடி டைல்ஸ் என்று கடைகளில் பெயர்ப்பலகை வைத்து விற்கப்படும் அந்தப் பூப்போட்ட தரைக்கல்லை நம் மாணவர்களில் பலர் மண்டபங்களில் மிதித்திருப்பார்கள். அது எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். சிறுமியாக இருந்தபோது விடுமுறை நாட்களில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய், அங்கேயே குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள் நான். ஆதலால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்தருள்க.

முதலில் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்துத் தரையில் வைப்பார்கள். அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சு என்றால் மெல்லிய உலோகத் தகடுகளை வளைத்து, பூவின் இதழ்களும் கொடியும் தனித்தனி அறைகளாக இருக்கும்படி பற்றவைத்தது. சாயமும் சிமெண்டும் கலந்த கூழை ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு நிறமாகக் கரண்டியால் ஊற்ற வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. ஓர் அறையின் நிறம் அடுத்த அறைக்குள் சிந்தக் கூடாது. ஊற்றி முடித்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேர் மேலே தூக்க வேண்டும். கை அசைந்தால் பூ கலைந்துவிடும். பிறகு அதன் மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்து தூவுவார்கள். அது கூழிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கும் மேல் ஈரக் கலவையைப் போட்டு அமுக்கி மட்டம் செய்தால், கல் தலைகீழாகப் பிறந்துவிட்டது என்று பொருள். பூ அடியில், கண்ணாடியின் மேல் இருக்கிறது. இறுகியபின் சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். பின்னர் எடுத்து உலர்த்திக் கண்ணாடியைப் பிரித்தால் பளபளவென்று முகம் தெரியும். அந்தப் பளபளப்பு மெருகு போட்டு வந்ததன்று. கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்ததனால் வந்தது.

இதில் அடுப்பு இல்லை, சூளை இல்லை என்பதைக் கவனியுங்கள். மற்ற ஓடுகளைச் சுட்டு எடுக்கிறார்கள். இந்தக் கல்லைச் சுடுவதில்லை. சிமெண்டு காய்வதனால் கெட்டிப்படுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி அன்று. அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து புதிய சேர்மமாக மாறுவதனால்தான் கெட்டிப்படுகிறது. ஆகவேதான் கல்லைத் தொட்டியில் போடுகிறார்கள். இதை நான் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னபோது, "தண்ணி குடிக்காத கல்லு நிக்காதுன்னு எங்களுக்குத் தெரியும் ஆத்தா. பேருதான் தெரியாது" என்றார்.

அந்த வினையின்போது கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. கடுமையான காரம். ஆய்வகத்தில் காரத்தைக் கையாளும்போது எச்சரிக்கையாக இருக்கும்படி நமக்குச் சொல்லித் தருகிறார்கள் அல்லவா? அப்பாவின் விரல்கள் 23 ஆண்டுகளாக அதிலேயே கிடக்கின்றன. நுனி விரல்களில் ரேகை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் அவருடைய கட்டைவிரல் பதிவதில்லை. அம்மாதான் போய்க் கைவைத்து அரிசி வாங்கி வருகிறாள்.

பட்டறையில் நாள்தோறும் சில கற்கள் கழிந்துபோகும். சாயம் கோடு தாண்டியிருக்கும்; மூலை உடைந்திருக்கும்; பச்சை வர வேண்டிய இலை கறுத்திருக்கும். அவற்றை ஒரு மூலையில் குவித்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக் கூடத்துக்குத் தரை போடுவதற்கு அவற்றை எடுத்துக்கொள்ளலாமா என்று அப்பா முதலாளியிடம் கேட்டார். அவரும் சரி என்றார். 2023 தையில் தொடங்கியது அந்த வேலை. வாரத்துக்கு நான்கு கல், சில வாரம் ஐந்து. ஒரு கல் ஏறக்குறைய இரண்டு கிலோ. சாக்கில் சுற்றி டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்புறம் வைத்துக் கொண்டுவருவார். கூடம் பன்னிரண்டுக்குப் பத்து அடி. கல் எட்டங்குலச் சதுரம். பதினெட்டும் பதினைந்தும் பெருக்கினால் 270 கல். கணக்குப் போட்டுச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தவள் நான்தான். 270 கல் சேர்ந்து, பதித்து முடிய 2024 வைகாசி ஆகிவிட்டது.

அந்த மாலைப் பொழுதுகளை நினைத்தால் இப்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. வேலை முடிந்து வந்து, குளித்து, தேநீர் குடித்துவிட்டு, அப்பா அந்தக் கற்களைத் தரையில் சும்மா அடுக்கிப் பார்ப்பார். ஒன்றுக்கொன்று சேராத கற்கள். நான் ஒரு நாள் எண்ணினேன். 38 வகைப் பூக்கள். ஒன்றை எடுத்து அங்கே வைப்பார், தள்ளி நின்று பார்ப்பார், மறுபடியும் மாற்றுவார். அம்மா, "அதான் எல்லாம் கழிச்சுப் போட்ட கல்லாச்சே, எங்க வச்சா என்ன?" என்று சலித்துக்கொண்டாள். "பூவுக்குப் பக்கத்துல பூவை வைக்கக் கூடாது. நடுவுல ஒரு வெறுங்கல்லு விடணும். கண்ணு உக்கார எடம் வேணும்ல" என்றார் அப்பா. உடைந்த மூலைகளெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பின. சாயம் பிசகிய கற்கள் வெளிச்சம் குறைந்த பக்கம் போயின. நான்கு சுவரோரமும் பூ இல்லாத சிவப்புக் கல்லாகச் சேர்த்துக் கரை கட்டினார். அது முடிந்த அன்று அப்பத்தா வாசலிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "எங் காவிக்கரையைக் கொண்டாந்துட்டான்" என்றார். அன்றிரவு அவர் பாய் உள்ளே வந்தது.

அந்த ஆண்டே நான் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். புதிய ஊர், புதிய தோழியர், புதிய வீடுகள். காரைக்குடியில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போனேன். பால் நிறத் தரை; முகம் பார்க்கலாம். அதே நிறத்தில் சோபா, அதே நிறத்தில் திரைச்சீலை. அங்கே எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. திரும்பி வந்து எங்கள் கூடத்தைப் பார்த்தேன். 38 வகைப் பூக்களும் சந்தைக் கூட்டம் போல் இரைச்சலிட்டன. அதுவரை என் கண்ணில் படாத பிசகெல்லாம் அன்று ஒன்றொன்றாகப் பட்டது. கைப்பேசியில் வீட்டு அலங்காரக் காணொளிகள் பார்க்கத் தொடங்கினேன். எல்லாம் ஒரே நிறக் குடும்பமாக இருக்க வேண்டும், சோபாவின் மேல் எத்தனை மெத்தைத் தலையணை வைக்கலாம் என்றெல்லாம் அதில் ஓர் அம்மையார் விளக்கினார். எங்கள் வீட்டில் சோபாவே கிடையாது என்பது வேறு செய்தி!

2025 பொங்கலுக்குத் தோழியர் ஐவர் எங்கள் ஊருக்கு வருவதாகச் சொன்னார்கள். "கிராமத்துப் பொங்கல் பார்க்க வேண்டும்" என்றார்கள். மறுக்க முடியவில்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்காக 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் என் வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் வருகிறது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் போக அதில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். தரையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட். தேக்குப் பலகை போல அச்சிட்டது. கூடத்துக்கு வேண்டிய அளவு வெட்டிச் சுருட்டிக் கொடுத்தார்கள். 1,400 ரூபாய். போகிப் பண்டிகையன்று அப்பா பட்டறையில் இருந்த நேரம் பார்த்து, நானும் தம்பியும் சுவரிலிருந்து சுவர்வரை அதை விரித்து, ஓரங்களை ஒட்டிவிட்டோம்.

மாலையில் அப்பா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் நிலைப்படியிலேயே நின்றார். சிறிது நேரம் பார்த்தார்.

"எவ்வளவு ஆத்தா?"

சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாகக் குளிக்கப் போனார்.

காணும் பொங்கலன்று தோழியர் வந்தார்கள். கரும்பு தின்றார்கள், கண்மாயில் படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் வந்ததும் ஒருத்தி, "அட, தேக்கு மாதிரியே இருக்கே, எங்கடி வாங்கின?" என்று கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆம், இருந்தது, மறைப்பானேன்? அப்பத்தா மட்டும், "வழுக்குது" என்று சொல்லி மறுபடியும் வாசலுக்குப் போய்விட்டிருந்தார். அப்பா எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். "என்ன வேலைப்பா பாக்குறீங்க?" என்று இன்னொரு தோழி மரியாதையாகவே கேட்டாள். அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். "கல் வேலை தாயி" என்றார். கட்டட வேலை என்று அவள் எடுத்துக்கொண்டாள் போலும். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏய், ஆத்தங்குடி பக்கத்துலதானே இருக்கு? அந்த டைல்ஸ் எப்படிச் செய்றாங்கன்னு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. தெரிஞ்ச பட்டறை ஏதாச்சும் இருக்கா?" என்றாள்.

அவள் அமர்ந்திருந்த இடத்துக்கு அடியில் 270 கல் இருந்தன. அவள் கையிலிருந்த தேநீரைக் கொடுத்தவர் அதைச் செய்தவர்.

"இன்னைக்குப் பொங்கல் லீவு. பட்டறையெல்லாம் மூடியிருக்கும்" என்றேன்.

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பட்டறை மூடித்தான் இருந்தது. அப்பா காலித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் காதில் அது விழாமலில்லை.

தோழியர் போனபின் ஷீட்டை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "காசு கொடுத்து வாங்கினது, கிடக்கட்டும்" என்று அம்மா சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. மாசி மாதத்தில் கூடத்தில் ஏதோ ஊறிப்போன வாடை வரத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரத்தைப் பிரித்துத் தூக்கினோம். கற்கள் ஈரத்தில் கறுத்துக் கிடந்தன. மழைக்காலத்தில் மண் குடித்த ஈரம் தரை வழியாக மேலேறி, வெளியே போக வழியில்லாமல் பிளாஸ்டிக்குக்கு அடியில் தங்கிவிட்டது. காற்றுப் படட்டும் என்று திறந்து விட்டோம். இரண்டு நாளில் ஈரம் காய்ந்தது. காய்ந்தவுடன் பூக்களின் மேல் வெண்படலம் படர்ந்துவிட்டது. சிவப்பெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் ஆயிற்று. எத்தனை முறை தண்ணீர் விட்டுத் துடைத்தாலும் காய்ந்ததும் மீண்டும் வெளுத்தது.

அது இன்னதென்று அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். கல்லுக்குள் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு ஈரத்தில் கரைந்து மேலே வருகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் கெட்டிப்படுவதும் இதே வினையால்தான். அங்கே அது அழகு, இங்கே அழுக்கு. கார்பனேட் தண்ணீரில் கரையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். முதலாண்டு செய்முறைத் தேர்வில் நானே செய்து காட்டி மதிப்பெண் பெற்றது இது.

"அப்பா, கடையில ஆசிட் விக்குது. தண்ணி கலந்து ஊத்தினா அஞ்சு நிமிசத்துல போயிரும்" என்றேன். செய்த தவற்றை அறிவியலால் சரிக்கட்டிவிடலாம் என்ற அவசரம் எனக்கு.

அப்பா கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். "போகும். ஆசிட்டு இந்த வெள்ளைய மட்டுமா திங்கும்? கல்லையும்ல திங்கும்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. கல்லின் முகமே சிமெண்டு. சாயத்தைப் பிடித்து வைத்திருப்பதும் சிமெண்டு. அமிலத்துக்குப் படலம் எது, பூ எது என்று பேதம் தெரியாது. மேல் தோல் அரிக்கப்பட்டால் கண்ணாடி கொடுத்த பளபளப்பு போய்விடும். பிறகு எதைக் கொண்டும் அதைத் திருப்ப முடியாது. பாடத்தில் இருந்த வினை சரி. அதை எங்கே நிறுத்துவது என்பது பாடத்தில் இல்லை.

மறுநாள் அப்பா ஆலையிலிருந்து ஒரு சாக்கு நெல் உமி கொண்டுவந்தார். பழந்துணியைச் சுருட்டித் தேங்காயெண்ணெயில் தொட்டு, உமியைத் தூவி, வட்டம் வட்டமாகத் தேய்க்கக் காட்டிக் கொடுத்தார். அழுத்தக் கூடாது. அவசரப்படக் கூடாது. ஒரு கல் துலங்கக் கால் மணி நேரம் ஆகிறது. உமியில் இயற்கையாகவே சிலிகா உண்டு. மெல்ல உராய்ந்து படலத்தை மட்டும் எடுக்கும்; எண்ணெய் நுண்துளைகளில் இறங்கி ஈரத்தைத் தடுக்கும். இந்த விளக்கத்தையெல்லாம் நான் அப்போது சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு தேய்த்தேன்.

மாலைகளில் நாங்கள் இருவரும் எதிரெதிரே முழங்காலிட்டு அமர்ந்து தேய்த்தோம். அம்மாவும் தம்பியும் இடையிடையே கைகொடுத்தார்கள். பங்குனி வரை ஆயிற்று. தேய்த்துக்கொண்டே அப்பா சொன்னவை பல. இந்தக் கொடிப்பூ தேவகோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போன கல்லின் மிச்சம். இது கேரளத்துக்கு லாரியில் ஏற்றிய வகை. இதில் சாயம் தாண்டியது தம்பி பிறந்த அன்று. ஆள் வந்து செய்தி சொன்னபோது அப்பா அச்சைத் தூக்கிக்கொண்டிருந்தார். கை அசைந்துவிட்டது. அந்தக் கல்லைப் பத்தாண்டுகளுக்கு மேல் பட்டறை மூலையிலேயே விட்டுவைத்திருந்து இப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஊரூராகத் தரை போட்ட வீடுகளில் ஒன்றுக்குள்கூட அவர் உட்கார்ந்ததில்லையாம். "கல்லு போகும், நம்ம போறதில்ல" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் துணி கையிலிருந்து நழுவியது.

கடைசியாக நிலைப்படிக்கு வந்தோம். உள்ளே நுழைந்ததும் முதல் வரிசையின் நடுவில் இருக்கும் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எட்டிதழ்ப் பூ, சிவப்பும் மஞ்சளும், சுற்றிக் கறுப்புக் கோடு. வெண்படலம் விலக விலக அதில் பிசகைத் தேடினேன். மற்றக் கற்களிலெல்லாம் எங்கே பிசகு என்று எனக்குள் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. இதில் அகப்படவில்லை. நான்கு மூலையும் முழுமை. கோடுகள் கத்தியால் வெட்டினாற்போல் இருந்தன.

"இதை ஏம்ப்பா கழிச்சாங்க?"

"அது கழிச்ச கல்லு இல்ல. காசு கொடுத்து வாங்கினது."

"எதுக்கு?"

"வர்றவுக மொதக் கால் வைக்கிற எடம்ல ஆத்தா" என்றார். சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

தேக்குப் பலகை ஷீட்டின் மேல் தோழியர் ஐவரும் கால் வைத்தது அந்த இடத்தில்தான்.

இன்றைக்கும் மழைக்காலம் முடிந்தால் ஆங்காங்கே வெள்ளை பூக்கத்தான் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்ப்பது என் பங்கு. இரண்டு கல்லில் படலம் அழுத்தமாக ஏறிவிட்டதால் முழுவதும் போகவில்லை. அவற்றின் மேல் அம்மா ஒரு கொட்டானை வைத்து, அதில் வெற்றிலை பாக்கு வைக்கிறாள். பிளாஸ்டிக் ஷீட்டைத் துண்டாக வெட்டி ஆட்டுக் கொட்டகைக்கு மேல் போட்டிருக்கிறார்கள். ஆடுகள் நனையாமல் இருக்கின்றன. அப்பத்தா நடுக்கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். பால்காரர் உள்ளே வருகிறார்.

இம்மலர் வெளிவந்ததும் வீட்டுக்கு ஒன்று கொண்டுபோவேன். அப்பா எழுத்துக்கூட்டி மெல்லத்தான் படிப்பார். ஆனால் கடைசி வரி வரை படிப்பார். பட்டறை பார்க்க ஆசைப்பட்ட தோழிக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் வேலை நடக்கிறது. காலை ஒன்பது மணிக்குள் வந்தால் சாயம் ஊற்றுவதைப் பார்க்கலாம். முன்னதாக ஒரு சொல் சொல்லிவிட்டால், அப்பா உனக்காக ஒரு கண்ணாடியைத் துடைத்து வைத்திருப்பார்.